ஐபர் சினட் மாட்டை விட்டுப் போன காலை

ஐபர் சினட் நல்ல மனிதன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் அவனைத் திட்டப்போகிறேன். அப்போது யாரும் என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாலிமராவில் மளிகைக் கடையும் தபாலாபீசும் ஒரே கூரைக்குக் கீழே நடத்துகிறவள் நான். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் இந்த மலையடிவாரத்தில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது. ஐபர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதனால் அவனுக்கு மரியாதை விகுதியெல்லாம் போடமாட்டேன்.

அவனுக்கு நாற்பத்திரண்டு கறவை மாடுகள். ஊருக்கு மேலே, சரிவில், அரை மைல் தூரத்தில் வீடும் தொழுவமும். அவனுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது அப்பா செத்துப்போனார். அன்று சாயங்காலம் மடியில் கை வைத்தவன், நாற்பத்தோரு வருஷமாக காலை ஒரு கறவை, மாலை ஒரு கறவை, ஒன்றைக்கூட விட்டதில்லை. இன்னொருவர் கையில் கொடுத்ததும் இல்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்க் கறப்பான். எங்கள் மாவட்டம் ஹர்லிங் என்கிற மட்டைப் பந்தாட்டத்தில் கோப்பை வாங்கிய வருஷம், ஊரே டப்ளினுக்குப் போனது. இவனும் வந்தான். பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான், சாயங்காலக் கறவைக்கு நேரமாகிறதாம். கோப்பை வென்ற செய்தியை கார் ரேடியோவில் கேட்டான். அதைப் பற்றி வருத்தம் உண்டா என்று ஒரு தடவை கேட்டேன். "ரேடியோவுல நல்லாத்தான் கேட்டுச்சு" என்றான்.

டிம்ப்னா ராசிட்டர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அங்கே முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஒரு மழைநாளில் அவளுடைய கார் ஐபரின் வயலோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இவன் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். இப்படி பத்தொன்பது வருஷம் கார் விசாரணை நடந்தது. பதினொரு மணிக்குப் போவான், மத்தியானம் அவள் கையால் சாப்பிடுவான், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான். அந்தக் காரே துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு மூன்று தடவை நாள் குறித்தார்கள். முதல் தடவை அம்மா படுத்த படுக்கையானார். நியாயம்தான், குறை சொல்லமாட்டேன். இரண்டாம் தடவை மாட்டுக்குக் காசநோய் வந்து அதிகாரிகள் பண்ணையைப் பூட்டிவிட்டார்கள். அது மாட்டை விற்க வாங்கத்தான் தடை, மாலை மாற்றத் தடை இல்லை என்று ஊரே சொன்னது. மூன்றாம் தடவை, பழைய கறவைக் கூடம் ஒழுகுகிறது, அதை முதலில் கட்டிவிடுகிறேன் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கோணல் என்று சொன்னதோடு நிற்காமல் கூடத்தையே இடித்துக் கட்டினான்.

நாலாவது நாளை டிம்ப்னாவே குறித்தாள். மார்ச் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. பசுக்கள் வரிசையாகக் கன்று போடுகிற மாதம். போதாததற்கு, ஈஸ்டருக்கு முன்னால் நோன்பிருக்கிற தவக்காலம் வேறு. எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் ரௌசம் தலையைச் சொறிந்தார்.

"தவக்காலத்துல கல்யாணம் அவ்வளவு வழக்கம் இல்லையே டிம்ப்னா."

"நான் பத்தொன்பது வருஷமா தவக்காலத்துலதான் இருக்கேன் ஃபாதர்."

அவர் டைரியைத் திறந்து தேதியைக் குறித்துக்கொண்டார். ஐபரிடம் அவள் சொன்னதை என் கடையில் வைத்தே சொன்னாள், நானும் கேட்க வேண்டும் என்றுதான். "உனக்கு சௌகரியமான மாசம்னு ஒண்ணு காலண்டர்லயே கிடையாது. அதனால இருக்கறதுலயே மோசமானதைப் பாத்து எடுத்திருக்கேன். இதுக்கு மேல தேதி கிடையாது, ஐபர். இது தவறினா மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்." அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

ஐபர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி" என்றான்.

இப்போது பனிக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் வானத்திலிருந்து விழுவது மழைதான். அதில் எங்களுக்குக் குறையே இல்லை. நாலைந்து வகை மழை உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முறையிடத் தெரியும். பனி என்றால் சில வருஷத்துக்கு ஒரு தடவை, மாவு சலித்தது போல வேலிமேல் கொஞ்சம் கிடக்கும், பத்து மணிக்குள் காணாமல் போகும். அதற்கே பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடுவார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை டிவியில் வானிலைக்காரர் கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, கிழக்கேயிருந்து பெரும் பனி வருகிறது, வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குமேல் யாரும் வெளியே வராதீர்கள் என்று சொன்னதும், நாட்டுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது.

கிறுக்கு எதில் இறங்கியது என்றால், பிரெட்டில். ஏன் பிரெட் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீடுகளில் மாவு உண்டு, சோடா உப்பு உண்டு, மோர் உண்டு. ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கொண்டு ரொட்டி சுடுவாள். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு கிடக்கும். ஆனாலும் பனி என்றதும், வெட்டி வைத்த பிரெட் பாக்கெட் இல்லாவிட்டால் குடும்பத்தோடு செத்துப்போவோம் என்கிற மாதிரி வந்து விழுந்தார்கள். புதன்கிழமை காலை லாரிக்காரன் நூற்றிருபது பாக்கெட் இறக்கினான். பதினொரு மணிக்கு அலமாரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அசம்ப்டா டெவரூவும் அவள் வீட்டுக்காரரும், வீட்டில் இருப்பது இரண்டே பேர், ஆறு பாக்கெட் எடுத்தார்கள்.

"ஆறு எதுக்கு அசம்ப்டா?"

"பறவைக்குப் போடலாம்னு, பெர்னி. பாவம் அதுங்க பனியில என்ன பண்ணும்."

பக்கத்துப் பண்ணைக்கார ஃபின்டன் ஒன்பது எடுத்தான். அவனுக்குக் கூச்சமே கிடையாது. "பசி வந்தா நான் நல்லவனா இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் வந்தவர்கள் எல்லாம் காலியான அலமாரியைப் பார்த்து, பதுக்குகிறவர்களைப் பற்றிப் பல்லைக் கடித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் காலையில் ஒரு தடவை வந்துபோனவர்கள்.

அன்றைக்கு சாயங்காலம் டிம்ப்னா எனக்கு போன் செய்தாள். குரல் சரியில்லை.

"ஐபர்கிட்ட பேசினேன். சனிக்கிழமை என்ன ஆகும்னு கேட்டேன். பனி எப்படி இருக்குன்னு பார்ப்போம்ங்கறான்."

மூன்று தடவையும் தேதி தள்ளிப்போவதற்கு முன்னால் அவன் சொன்ன வார்த்தை அதுதான். அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு பார்ப்போம். மாட்டு டாக்டர் என்ன சொல்றாருன்னு பார்ப்போம். எங்கள் ஊரில் ஒருவன் பார்ப்போம் என்றால் மேற்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"பனி அவ்வளவெல்லாம் விழாது" என்றேன். அதுதான் நான் அந்த வாரம் சொன்ன பெரிய பொய்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது. குறுக்கே விழுந்த பனியை நான் அன்றுதான் பார்த்தேன். காற்று அதை வயலிலிருந்து வாரிக்கொண்டுவந்து பாதையில் கொட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் போன் கம்பிகள் அறுந்தன, செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் என் கடைக் கதவைத் திறந்தால், கதவளவுக்கு வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது, கதவின் கைப்பிடி அச்சு பதிந்து. ஜன்னல் வழியாக இறங்கினேன். வேலியும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. நாய் ஒன்று வெளியே வந்து ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஊரே குஷியாகிவிட்டது. வேலை இல்லை, பள்ளி இல்லை, போக வழியும் இல்லை. பனி வாருகிற மண்வெட்டி என்று ஒன்று எந்த வீட்டில் இருக்கிறது? மாட்டுத் தீனி அள்ளும் தட்டுவாரியும், அடுப்புச் சாம்பல் அள்ளும் கரண்டியும், கேக் சுடும் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு மேல் காலுறையை மாட்டிக்கொண்டார்கள். காலி உரப் பைக்குள் வைக்கோலைத் திணித்து, அதன்மேல் உட்கார்ந்து கல்லறைச் சரிவில் சறுக்கினார்கள். பிள்ளைகளைச் சொல்லவில்லை, வங்கியில் மேனேஜராக இருக்கிற ஐம்பது வயது மனிதரைச் சொல்கிறேன். ஃபாதர் ரௌசமும் ஒரு தடவை சறுக்கினார். கோயிலுக்கு அதுதான் குறுக்குவழி என்றார்.

எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, ஐபரின் கல்யாணம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துருச்சு அவனுக்கு" என்றான் ஃபின்டன். "மூணு தடவை சாக்கு தேடிக் கஷ்டப்பட்டான். இந்தத் தடவை வானமே எறக்கிக் குடுத்துருச்சு."

"ஓட்டல்ல விருந்தைக் கேன்சல் பண்ணிட்டாங்களாம்" என்றாள் அசம்ப்டா. "பாவம் அந்தப் பொம்பளை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது மாற்றிச் சொன்னால் பொய். கையில் கரண்டியோடு நின்று ஐபரை நன்றாகத் திட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு அவனே வந்தான், இடுப்பளவு பனியில் நடந்து. இரண்டு கையிலும் பால் வாளி. பால் லாரி வரவில்லை, தொட்டி நிரம்பிவிட்டது, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்றான். வாளியைக் கவுண்டர்மேல் வைத்தான். போகவில்லை. தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான்.

"பெர்னி, உங்க அப்பா வீட்டுல மாடு இருந்துச்சு இல்ல."

"பதினாறு இருந்துச்சு. ஏன்?"

"மெஷின் மாட்டத் தெரியுமில்ல உனக்கு."

"தெரியும். ஏன்னு கேக்கறேன்."

"நாளைக் காலையில என் மாடுகளைக் கறக்கணும்."

நான் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். என்னை வெள்ளை மாளிகையில் போய் உட்காரச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்கமாட்டேன். "நீ எங்க போற?"

"டிம்ப்னாவைக் கூட்டிட்டு வர. சாலையில ஏழு மைல். கணவாய்ல எவ்வளவு கெடக்கோ தெரியல. இருட்டோட டிராக்டரை எடுத்தாத்தான் வெட்டிக்கிட்டுப் போய் மத்தியானத்துக்குள்ள திரும்ப முடியும். போனும் போகல, அவளுக்குச் சொல்ல வழி இல்ல."

சட்டைப் பையிலிருந்து மடித்த தீவனப் பைக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. அவன் மாடுகளுக்குப் பெயர் வைப்பதில்லை, காதில் தொங்கும் எண்தான். 'நானூற்றுப் பன்னிரண்டு வலது காலால் உதைக்கும். முந்நூற்று எண்பத்தெட்டைக் கடைசியில் விடு, முதலில் விட்டால் மற்றதைக் கெடுக்கும். ஐந்நூற்று மூன்று பயந்த சுபாவம், பேசிக்கொண்டே மாட்டு.' இப்படி நாற்பத்திரண்டுக்கும் இருந்தது. டிம்ப்னாவுக்கு இவன் பத்தொன்பது வருஷத்தில் எழுதிய கடிதம் எல்லாம் சேர்த்தாலும் இதில் பாதி வராது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐந்நூத்தி மூணுகிட்ட என்ன பேசணும்?"

"என்ன வேணா பேசு. எங்கிட்ட பேசற மாதிரி மட்டும் பேசாத."

காலை ஆறரைக்குத் தொழுவத்துக்குப் போனேன். டிராக்டர் கிளம்பிப் போன தடம் கீழே சாலையில் ஆளுயரச் சுவர்களுக்கு நடுவே தெரிந்தது. கரண்ட் இருந்தது, அது பெரிய புண்ணியம். தண்ணீர்க் குழாய்தான் உறைந்துவிட்டது. மாடுகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாமியார் வீட்டுக்குள் முதல் நாள் நுழைந்தபோதுகூட என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எட்டு எட்டாக உள்ளே விட வேண்டும். முதல் எட்டுக்கே முக்கால் மணி ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு வலது காலால் உதைக்கும் என்று எழுதியிருந்தது உண்மைதான். இடது காலாலும் உதைக்கும் என்பதை அவன் எழுதவில்லை. ஒன்பது மணிக்குத்தான் பாதி மாடு தாண்டியிருந்தது. ஐந்நூற்று மூன்றிடம் என் முட்டிவலி பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கூடத்துக் கதவு படாரென்று திறந்தது.

டிம்ப்னா நின்றாள். அவளுடைய அண்ணன் ஆற்றில் மீன் பிடிக்கப் போடும் ரப்பர் கால்சட்டை, மார்பு வரைக்கும். தலையில் கம்பளிக் குல்லா, அதன்மேல் துண்டு. முகம் சிவந்து, புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. சாலையில் ஏழு மைல் என்றாலும் மலைமேல் ஆட்டுப் பாதையில் வந்தால் இரண்டரை மைல்தான். ஆனால் அந்தப் பனியில் அதில் ஆடுகூட வராது. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பியிருக்கிறாள். என்னை அவள் பார்க்கவில்லை. மாட்டுக் காலுக்கு நடுவே குனிந்திருந்த முதுகைப் பார்த்து ஐபர் என்றே நினைத்துவிட்டாள்.

"திரும்பிப் பாக்காத. அப்படியே கேளு" என்று ஆரம்பித்தாள். "கல்யாண நாள் அன்னிக்குக்கூட நீ இங்கதான் இருப்பேன்னு எனக்குத் தெரியும். பார்ப்போம்னியே, பாத்துட்டேன். பத்தொன்பது வருஷமாப் பாத்துட்டேன். உன் மேல கோவம்கூட இல்ல இப்ப. இந்தா மோதிரம். நேர்ல வந்து குடுக்கணும்னுதான் மலையேறி வந்தேன், இல்லைன்னா தபால்ல—"

நான் நிமிர்ந்தேன். "டிம்ப்னா, நான்தான்."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. "பெர்னி? நீ இங்க என்ன பண்ற?"

"பாத்தா தெரியல? மாடு கறக்கறேன்."

"ஐபர் எங்க?"

"உன்னைக் கூட்டிட்டு வர டிராக்டர்ல போயிருக்கான். நாலு மணிக்கே போயிட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு மாடுகளையும், என் கையில் சொட்டிக்கொண்டிருந்த பாலையும் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளைக்கூட அவன் அந்தக் கூடத்துக்குள் ஒரு மடியைத் தொடவிட்டதில்லை. அவன் உன்னை விரும்புகிறான் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். ஐபர் சினட்டின் மாட்டை இன்னொருத்தி கறப்பதைக் கண்ணால் பார்த்ததும் அவள் தீவன மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். எனக்கு முட்டிவலியும் இருந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்யணும்?" என்றாள். கன்றுகளுக்குப் பால் வைக்கச் சொன்னேன். மோதிரத்தைத் திரும்ப விரலில் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

பதினொரு மணிக்கு இரண்டு பேரும் ஊருக்குள் இறங்கினோம். இன்னும் அவனைக் காணோம். டிம்ப்னா வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கணவாய் ஆபத்தான இடம். டிராக்டர் கவிழ்ந்தால் பார்க்க ஆளில்லை. அதைவிட இன்னொரு பயம் அவளுக்கு. "நான் மோதிரத்தைத் திருப்பிக் குடுக்கப் போறேன்னு மோராகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றாள். மோரா அவளுடைய தங்கை. "அவ அவன்கிட்ட அதைச் சொல்லாம இருப்பாளா? கேட்டதும் அவன் என்ன பண்ணுவான்? சரின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவான். அவன் குணம் அது."

கைக்கு வேலை கொடுத்தால்தான் இந்த நடை நிற்கும் என்று தோன்றியது. "விருந்துக்கு வழியில்லையே, அதைப் பாப்போம் முதல்ல" என்றேன். கடையில் ஹாம் இருந்தது, சீஸ் இருந்தது, முட்டை இருந்தது, ஐபர் கொண்டுவந்த பால் இருந்தது. இல்லாதது பிரெட். நான் தெருவில் இறங்கி, சறுக்கிக்கொண்டிருந்த சனங்களைக் கூப்பிட்டேன். கல்யாணம் நடக்கிறது, மணப்பெண் வந்துவிட்டாள், பிரெட் வேண்டும் என்றேன். எல்லோரும் பரிதாபமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்க வீட்டுல அரைப் பாக்கெட்தான் இருக்கு, பெர்னி. எங்களுக்கே நேத்தோட தீர்ந்துருச்சு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். விற்றவளிடமே பிரெட்டை மறைக்க முடியுமா? "அசம்ப்டா, ஆறு" என்றேன். "ஃபின்டன், ஒம்பது. மேனேஜர் சார், காலையில நாலு, மத்தியானம் உங்க சம்சாரம் வந்து கேட்டது தனி." அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் என் கவுண்டரில் ஐம்பத்தெட்டு பாக்கெட் வந்து குவிந்தது. அசம்ப்டா பிரித்தே பார்க்காத ஆறையும் கொண்டுவந்தாள். பறவைகள் பசியாக இல்லை போலிருக்கிறது.

ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கடைக்குள் நின்று வெண்ணெய் தடவினோம். டிம்ப்னாவும் ரப்பர் கால்சட்டையோடு நின்று தடவினாள். பேச்சும் சிரிப்புமாக இருந்தாலும் எல்லோர் காதும் சாலையில்தான் இருந்தது. ஒரு மணி தாண்டிய பிறகு டிராக்டர் சத்தம் கேட்டது.

ஐபர் கடை வாசலில் வந்து நின்றான். முழங்கால் வரை ஈரம், கையில் தோல் உரிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் மோரா, மடியில் வைத்து வந்த பெரிய அட்டைப் பெட்டியோடு. அதில் கல்யாண உடை. டிம்ப்னா மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள் என்று அவள் ஏழு மைலும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாளாம். கல்யாணம் பண்ணிக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, உடை வரட்டும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.

அவன் டிம்ப்னாவின் கையைப் பார்த்தான். வெண்ணெய் படாமல் இருக்க அவள் மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். அவன் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அப்படியொரு முகத்தை அவன் அம்மா செத்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"கணவாய்ல ரெண்டு எடத்துல அடைச்சிருந்துச்சு" என்றான். "இல்லைன்னா சீக்கிரமே வந்திருப்பேன்."

டிம்ப்னா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சாயங்காலக் கறவைக்கு யாரு?"

"ஃபின்டன்."

நாங்கள் எல்லோரும் ஃபின்டனைப் பார்த்தோம். அவன் மேற்கூரையைப் பார்த்தான்.

"நாளைக் காலையில?"

"ஃபின்டன்தான்."

"நாளைக்குச் சாயங்காலம்?"

"அசம்ப்டா வீட்டுக்காரர். திங்கட்கிழமையும் அவர்தான். செவ்வாய்க்கிழமை காலைக்குப் பெர்னியைக் கேக்கணும்னு நெனச்சேன்."

"அதை என் முட்டிகிட்ட கேளு" என்றேன்.

"எப்ப இவங்களையெல்லாம் கேட்ட?" டிம்ப்னாவின் குரல் இறங்கியிருந்தது. "நேத்தா?"

"போன மாசமே." அவன் தொப்பியைக் கழற்றினான். "இன்னிக்குக் காலைக் கறவையை மட்டும் நானே முடிச்சுட்டு வரலாம்னு இருந்தேன். அதைப் பனி கெடுத்துருச்சு. மத்ததெல்லாம் போன மாசமே சொல்லி வெச்சுட்டேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "மாட்டேன்" என்றாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, மோராவிடமிருந்து பெட்டியை வாங்கினாள். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. மொகத்தைக் கழுவு, ஐபர். மாட்டு வாடை அடிக்குது" என்றாள். அவள் மேலும் அதே வாடைதான் அடித்தது. அதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஃபின்டனை மட்டும் நான் விடவில்லை. நேற்று வானம் சாக்கை இறக்கிக் கொடுத்தது என்று பேசிய வாய்தானே அது. எல்லாம் தெரிந்துகொண்டே அப்படிப் பேசினாயா என்று காதைப் பிடித்தேன். "யாரும் சந்தேகப்படக்கூடாதுன்னு சொன்னான் பெர்னி, நான் கொஞ்சம் கூடவே நடிச்சுட்டேன்" என்றான்.

இரண்டேகாலுக்குக் கல்யாணம் நடந்தது. கோயிலுக்குள் எங்கள் மூச்சு புகைந்தது. ஊரே கோட்டோடும் ரப்பர் பூட்ஸோடும் நின்றது. ஐபர் சம்மதம் சொன்ன சத்தம் பின்வரிசை வரை கேட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. விருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், சீஸ் சாண்ட்விச், பிறகு பாலில் வேகவைத்த அரிசிப் புட்டிங். ஓட்டலில் நூறு பேருக்குச் சொல்லியிருந்த விருந்தைவிட இதுதான் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். வெண்ணெய் தடவியவள் என்ற முறையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி இளக ஆரம்பித்தது. கூரைகள் சொட்டின. பூசை முடிந்து எல்லோரும் என் கடைக்கு வந்து டீக் குடித்துக்கொண்டிருந்தபோது ஃபின்டன் நேராகத் தொழுவத்திலிருந்து வந்தான். என்னவோ பேயைப் பார்த்தவன் போல இருந்தான்.

"கறந்து முடிச்சியா?" என்று கேட்டேன்.

"முடிச்சேன். ரெண்டரை மணி நேரம் ஆச்சு."

"ஐபர் வந்து தொந்தரவு பண்ணியிருப்பானே. இது சரியில்ல அது சரியில்லைன்னு."

"வரல."

"ஜன்னல்லேருந்து பாத்திருப்பான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மெஷின் போட்ட சத்தத்துக்கு வருவான்னு பாத்தேன். ஒரு வாளியை வேணும்னே கீழ போட்டேன், அதுக்காவது வருவான்னு." ஃபின்டன் தொப்பியைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தான். "ஒம்பது மணி வரைக்கும் ஜன்னல் திரையே விலகல, பெர்னி."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அவனுக்கு ஒரு டீ ஊற்றினேன்.